பால் மறக்கப் போன பிள்ளை

றொசல்ல
3.2.1974

அன்புள்ள அக்காவுக்கு,

பவுலின் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அம்மாவின் சாவு வீட்டில் நீங்கள் பேசிவிட்டுப் போய் இந்த மாதத்தோடு மூன்று வருஷம். "அம்மா பால முழுக்க நீதான குடிச்ச, அழுகையையும் நீயே அழுது முடி" என்று பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னீர்கள். அதன் பிறகு நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நலமாக இருக்கிறோம் என்று தொடங்கத்தான் நினைத்தேன். பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு பெண் பிள்ளை இருப்பது உங்கள் காதுக்கு வந்திருக்கும். ஜெசிந்தா என்று பெயர், சிந்தா என்று கூப்பிடுகிறோம். போன டிசம்பர் நத்தாரோடு ஒரு வயது முடிந்தது. இன்னும் என் பால்தான் குடிக்கிறாள். வேறு என்ன கொடுப்பது? தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. கூப்பனுக்கு மாவு பாதிதான் கிடைக்கிறது. ஒரு ரொட்டி சுட்டால் நானும் அவரும் ஆளுக்குப் பாதி பிய்த்துத் தின்கிறோம். பிள்ளைக்கு நான் இருக்கிறேன் என்று தைரியமாக இருந்தேன்.

இப்போது திரும்பவும் உண்டாகியிருக்கிறேன். மூன்று மாதம். சிந்தா பிறந்த பிறகு நான் தீட்டாகவே இல்லை. பால் கொடுக்கிறவளுக்கு வயிற்றில் தங்காது என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள், நானும் நம்பி இருந்துவிட்டேன். முதலில் கண்டுபிடித்தது பிள்ளைக் காம்பரா ஆயா இராசம்மா. நாங்கள் மலைக்கு வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போகிறோம். சிந்தா பச்சை பச்சையாகப் போகிறாள் என்று சொல்லிவிட்டு என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். "சூல் பாலுடி இது. பிள்ள சவலையாப் போயிரும், நிப்பாட்டு" என்றாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி, அவளுக்கும் கைப்பிள்ளை இருக்கிறது, "நஞ்சு அந்தப் பாலு" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டாள்.

டிஸ்பென்சரி ஐயா மட்டும் சிரித்தார். பால் கெட்டுப்போகாது, கொடுக்கலாம், நீ மட்டும் முட்டையும் பாலும் ஈரலும் நன்றாகச் சாப்பிடு என்றார். அவர் முகத்துக்கு நேரே நானும் சிரித்துவிடாமல் வெளியே வந்ததே பெரிய காரியம். ஒரு ஐயா சொல்வதைக் கேட்பதா, லயமே சொல்வதைக் கேட்பதா?

வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன். மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டு வந்து கையைச் சரியாகக் கழுவாமல் எத்தனை நாள் அவளுக்குப் பால் கொடுத்திருக்கிறேன்! கொழுந்துச் சாற்றின் கசப்பு அவளுக்குப் பழக்கம். வேப்பெண்ணெய்யையும் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்துவிட்டாள்.

இனி ஒரே வழிதான். எங்கேயாவது அனுப்பிப் பால் மறக்கடிக்க வேண்டும். இவர் பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கு நீங்கள் ஒருத்திதான். யாரிடம் போய் எதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும் அக்கா. தெரிந்துதான் கேட்கிறேன்.

பவுலின்


சேசு மரி சூசை துணை
பட்டிப்பொல
9.2.1974

பவுலினுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. கிழிக்கவில்லை. உன் மச்சான் ரயில் பாதை வேலை முடிந்து வந்ததும் வாசித்துக் காட்டினேன். "பிள்ளைய வரச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு விறகு பிளக்கப் போய்விட்டார்.

பிள்ளையை அனுப்பு. ஆனால் நான் எழுதுவதை முதலில் வாசி.

நீ அம்மா வயிற்றில் வந்தபோது எனக்கு ஒன்றரை வயது. என்னையும் இப்படித்தான் பால் மறக்க லிந்துலையில் அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். பதினைந்து நாள் என்று சொன்னார்களாம். திரும்பக் கூட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஆறு வயது ஆகப் போகிறது. அத்தையை அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவளை வேறொரு காம்பராவில் கொண்டுவந்து விட்டு, முன்பின் தெரியாத ஒரு பொம்பளையைக் காட்டி, இதுதான் உன் அம்மா என்றார்கள். நீ அம்மா மடியில் உட்கார்ந்திருந்தாய். நான் போய் அடுப்புப் பக்கம் நின்றுகொண்டேன். யாரும் என்னை வா என்று கூப்பிடவில்லை. லயத்துப் பிள்ளைகள் என்னைச் சவலை என்றார்கள். கல்யாணமாகி வரும்வரை எனக்கு அதுதான் பேர்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. சாவு வீட்டில் குத்திக்காட்டத்தான் சொன்னேன். இன்றைக்கு அப்படி இல்லை.

பதினைந்து நாளும் நீ இந்தப் பக்கம் வரக் கூடாது. உன் குரல் அவள் காதில் விழக் கூடாது. நீ உடுத்திய துணி ஒன்றும் அவளோடு வரக் கூடாது. மணம் இருந்தால் பிள்ளை மறக்காது. பதினைந்தாம் நாள் கட்டாயம் ஆள் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். பதினாறாம் நாள் ஆகக் கூடாது. ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே குளிர் அதிகம். கம்பளிச் சட்டை ஒன்று பின்னத் தொடங்கியிருக்கிறேன். அளவு தெரியாததால் உத்தேசமாகப் பின்னுகிறேன். பக்கத்து வீட்டுச் சோமா நோனா மாடு வைத்திருக்கிறாள். தினமும் அரைப் போத்தல் பால் தருவதாகச் சொன்னாள். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அனுப்புகிறோமே என்று பயப்படாதே. மூன்று தரம் உண்டாகி மூன்றும் நிற்காமல் போனவள் நான். ஒரு பிள்ளைக்கு என்னென்ன வேண்டும் என்று மூன்று தரமும் யோசித்து வைத்திருக்கிறேன்.

அந்தோனியம்மா


றொசல்ல
22.2.1974

அன்புள்ள அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு இவர் அன்றைக்கே ரயிலில் வந்து சேர்ந்தார். "மதினி ஒரு வார்த்த பேசல, பிள்ளைய வாங்கிக்கிட்டு உள்ள போயிட்டாங்க" என்றார். கோச்சியில் அழுதாளா என்று கேட்டேன். நானுஓயா வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனாளாம். அதற்குப் பிறகு பால் தேடி இவர் சட்டையைத் தூக்கிப் பார்த்தாளாம். பெட்டியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு கை கழுவத் தண்ணீர்ப் பீலிக்குப் போனவர் ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தார்.

காம்பராவுக்குள் இரண்டு பேர்தான் இருக்கிறோம். அவர் பக்கத்தில் வரவே பயப்படுகிறார். எல்லாம் தன்னால் வந்தது என்று நினைக்கிறார் போலிருக்கிறது. நானும் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மலையில் பத்து மணிக்குக் கங்காணி, "பால்காரப் பொம்பளைங்க எறங்குங்க" என்று சத்தம் போடுவார். கைப்பிள்ளைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவோம். செவ்வாய்க்கிழமை அந்தச் சத்தம் கேட்டதும் நானும் கூடையை இறக்கிவிட்டேன். பாதி வழியில்தான் நினைவு வந்தது. திரும்பினால் மற்றவர்கள் பார்ப்பார்களே என்று நேரே போய்விட்டேன். இராசம்மா, "ஒனக்கு இங்க யாரு இருக்கா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்க வந்தேன் என்றேன். கோப்பையில் ஊற்றித் தந்தாள். மறுநாளும் பத்து மணிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

பால் கட்டிக்கொண்டு கல்லாகி, இரண்டு நாள் காய்ச்சல். பீலியடியில் நின்று பிழிந்துவிடுகிறேன். லயத்தில் மூன்று காம்பராவில் அடுப்பு எரியவில்லை, நான் பாலைத் தண்ணீரோடு விடுகிறேன்.

எங்கள் மலைக்குக் கீழேதான் கோச்சிப் பாதை போகிறது. பதுளைக் கோச்சி ஏறும்போது கொழுந்து கிள்ளுவதை நிறுத்திவிட்டுப் பார்க்கிறேன். அது உங்கள் வீட்டைத் தாண்டித்தானே போகிறது? நேற்றுக் கங்காணி, "கோச்சியில யாரு, ஒன் மாமனாரா போறாரு?" என்று ஏசினார்.

ஒரு காரியம் செய்துவிட்டேன். இதற்குள் நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள். திட்டாதீர்கள்.

பவுலின்


சேசு மரி சூசை துணை
பட்டிப்பொல
27.2.1974

பவுலினுக்கு,

இன்றைக்குத் திருநீற்றுப் புதன். பிள்ளையை விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போய்ச் சாம்பல்கூடப் பூச முடியவில்லை.

கண்டுபிடித்தேன். அவள் துணிகளுக்கு நடுவில் உன் தலைத்துண்டு. கூடைக் கயிறு அறுக்காமல் இருக்க நீ தலையில் போடுகிற துண்டு என்று பார்த்ததுமே தெரிந்தது. பச்சைக் கொழுந்தும் எண்ணெய்யும் வேர்வையும் மணக்கிறது. நான் என்ன எழுதினேன், நீ என்ன செய்திருக்கிறாய்? சின்ன வயதில் சொன்ன சொல் கேட்காதவள் இப்போதா கேட்கப் போகிறாய்? எடுத்துப் பெட்டிக்குள் பூட்டினேன்.

முதல் மூன்று நாள் கஞ்சியைத் துப்பினாள். மாட்டுப் பாலைக் கோப்பையோடு தட்டிவிட்டாள். வாசல் பக்கம் தவழ்ந்து போய்க் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவைத் திறந்தால் வெளியே மூடுபனிதான், ஒன்றும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் அழுவாள். நாலாம் நாள் எனக்குத் தாங்கவில்லை, பெட்டியைத் திறந்து துண்டை எடுத்துக் கொடுத்தேன். முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். எழுந்ததும் அரைக் கோப்பைப் பால் குடித்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லாமலே இருந்துவிடலாம், ஆனால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உன்னிடம் சொல்கிறேன். ஐந்தாம் நாள் மத்தியானம் நல்ல மழை. உன் மச்சான் பாதையில் மண் சரிந்ததென்று போய்விட்டார். அழுது அழுது பிள்ளைக்குக் குரலே இல்லை. என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தாள். கதவைச் சாத்திவிட்டுக் கொடுத்தேன். ஒன்றும் வராது என்று அவளுக்கு உடனே தெரிந்திருக்கும். ஆனாலும் விடவில்லை, அப்படியே தூங்கிவிட்டாள். முப்பத்து மூன்று வயதில் என் மடியில் ஒரு பிள்ளை அப்படித் தூங்கியது அதுதான் முதல் தரம். பாலை மறக்கடிக்கத்தானே நீ அனுப்பினாய். நான் செய்தது தப்பு. ஒரே ஒரு தரம்தான்.

கம்பளிச் சட்டை பெரிதாகிவிட்டது. கையை மடித்துவிட்டிருக்கிறேன். மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆளை அனுப்பு. அன்றைக்குப் பதினைந்தாம் நாள்.

அந்தோனியம்மா


றொசல்ல
2.3.1974

அன்புள்ள அக்காவுக்கு,

நாளைக்கு இவர் வருகிறார், அவர் கையிலேயே இதைக் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இங்கே பால் இருக்கிறது, பிள்ளை இல்லை. அங்கே பிள்ளை இருக்கிறது, பால் இல்லை. என்ன கூத்து இது அக்கா!

புதன்கிழமை சாயங்காலம் ராக்காயி காம்பரா வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் அவள் பையன் நல்லமுத்து. ஆறு மாதப் பிள்ளை, அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் சாய்ந்திருந்தான். ராக்காயிக்குப் பால் வற்றிவிட்டது. இரண்டு நாளாக வெறும் தேத்தண்ணீர்தான் அவளுக்கு, எங்கிருந்து பால் வரும்? என் முகத்தைப் பார்க்காமல், "ஒனக்குக் கீழதான போவுது" என்றாள்.

"நஞ்சுன்னு நீதானடி சொன்ன?"

"சொன்னேன். இப்ப கேக்குறேன், குடுக்குறியா இல்லியா?"

வாங்கிக்கொண்டேன். அவன் குடித்தான். அந்தக் கல்லாகிக் கிடந்த வலி இறங்க இறங்க எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. ராக்காயி நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றாள். அவன் தலை மணம் வேறு. என் பிள்ளையின் தலையில் இப்படி மணக்காது. அன்றிலிருந்து மூன்று வேளையும் கொண்டுவருகிறாள். பத்து மணிக்குக் கங்காணி சத்தம் போட்டால் இப்போது எனக்கும் போக ஓர் இடம் இருக்கிறது.

நான்கு நாளாகிறது. அவனுக்கு வயிற்றால் போகவில்லை, ஒன்றும் செய்யவில்லை. அப்படியானால் டிஸ்பென்சரி ஐயா சொன்னதுதான் சரி. லயத்துப் பேச்சைக் கேட்டு என் பிள்ளையை நானே வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

சிந்தாவைக் கொடுத்து அனுப்புங்கள். பால் மறக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

பவுலின்


பட்டிப்பொல
3.3.1974

பவுலின்,

பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தம்பி சூசைரட்ணம் கோச்சிக்கு நேரமாகிறதென்று நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். பிள்ளையை இன்றைக்கு அனுப்பவில்லை. மூக்கு ஒழுகுகிறது, நெஞ்சில் சளி. இந்தக் குளிரில் கோச்சியில் கொண்டுபோனால் கூடிவிடும்.

உருளைக்கிழங்கும் லீக்ஸும் கட்டி அனுப்பியிருக்கிறேன். அவள் நடக்கிறாள். நேற்றுச் சுவரைப் பிடிக்காமல் ஆறு அடி நடந்து என்னிடம் வந்தாள். தம்பியைக் கண்டதும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள், அதற்கு ஒன்றும் நினைக்காதே. உங்கள் பக்கம் மாவை இன்னும் குறைத்துவிட்டதாகத் தம்பி சொன்னார். இங்கே அவளுக்கு அந்தக் குறை இல்லை. கொஞ்சம் யோசித்துப் பார். சளி குறைந்ததும் எழுதுகிறேன்.

அந்தோனியம்மா


றொசல்ல
13.3.1974

அக்கா,

கிழங்கு வந்தது. அவித்துத் தின்றோம். பசியாக இருந்தது, தின்றோம். பிள்ளையை எதிர்பார்த்து வாசலில் நின்றவள் கையில் கிழங்கு மூட்டையைக் கொடுத்தார் இவர்.

சளி எப்படி இருந்தது என்று இவரிடம் கேட்டேன். "மூக்கு லேசா ஒழுகுச்சு, அவ்ளோதான்" என்றார். பிறகு ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று சண்டை போட்டேன். "மதினி மொகத்தப் பாத்து எனக்குக் கேக்க வாய் வரல" என்றார். உன் முகத்தில் அப்படி என்ன இருந்தது அக்கா?

ஆறு அடி நடந்தாளாமே. அதை நீ பார்த்தாய், நான் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் ஆகக் கூடாது என்று எழுதியது யார்? இன்றைக்கு இருபத்தைந்தாம் நாள். உனக்கு நடந்ததை நீயே என் பிள்ளைக்குச் செய்கிறாய். நல்லமுத்துக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. என் பிள்ளைக்கான பாலைக் குடித்து அவன் சிரிக்கிறான். எனக்கு அவன் மேல் கோபம் வருகிறது, ஆறு மாதப் பிள்ளை மேல். அப்படி ஆகிவிட்டேன் நான்.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னதை இப்போது சொல்கிறேன். படுக்கையில் இருந்தபோது, கடைசி மாதம் சொன்னாள். அவள் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தாள் அக்கா. உனக்கு இரண்டேகால் வயது. நான் பிறந்து மூன்று மாதம், இடுப்பில் நான் இருந்தேனாம். லிந்துலைத் தோட்டத்துப் பீலிக்கரையில் நீ தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தாயாம். அம்மாவைத் தாண்டி ஓடினாயாம். யாரோ ஒரு பொம்பளை என்று பார்த்துவிட்டு, அத்தையை "அம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டு போனாயாம். அத்தையிடம்கூடப் பேசாமல் அம்மா திரும்பிவிட்டாள். "அவ சிரிச்சிக்கிட்டு இருந்தா. நான் போயி தூக்குனா அழுவா. அவ என்னையப் பாத்து அழுவுறதுக்குப் பயந்துக்கிட்டு வந்துட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் போகலாம் என்று இருந்தாளாம்.

அம்மா உன்னை மறக்கவில்லை. பயந்தாள். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. பிள்ளையை அனுப்பு.

பவுலின்

நீங்கள் என்று எழுதாமல் நீ என்று எழுதிவிட்டேன். திருத்த மனம் இல்லை, அப்படியே இருக்கட்டும்.


றொசல்ல
27.3.1974

அக்கா,

தபால்காரர் வரும்போதெல்லாம் போய் நிற்கிறேன். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. வயிற்றில் இருப்பது நேற்று முதல் தரம் அசைந்தது. சொல்ல ஆள் இல்லாமல் ராக்காயியிடம் சொன்னேன். முப்பத்தொன்பதாம் நாள்.

பவுலின்


சேசு மரி சூசை துணை
பட்டிப்பொல
2.4.1974

தங்கச்சி,

எழுதாமல் இருந்தது வீம்பினால் இல்லை. ஒவ்வொரு நாளும் காகிதத்தை எடுத்து வைப்பேன். இடுப்பில் பிள்ளையோடு ஒரு பொம்பளை பீலிக்கரையில் நின்றது எனக்கு நினைவு வருகிறதா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். வரவில்லை. பீலி நினைவு வருகிறது, கறுப்பு நாய் ஒன்று நினைவு வருகிறது, அம்மா நினைவு வரவில்லை. சாகும்வரை அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தரம் அவள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நானும் ஒரு தரம் கேட்டிருக்கலாம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். பதினைந்தாம் நாள் காலையில், தம்பி வருவதற்கு முன்னால், உன் தலைத்துண்டைத் துவைத்தேன். சோடா போட்டு, அடித்து, இரண்டு தரம் அலசினேன். அடுப்புச் சூட்டில் காய்ந்ததும் கொண்டுவந்து கொடுத்தேன். முகர்ந்து பார்த்தாள். திருப்பித் திருப்பி முகர்ந்தாள். பிறகு கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் அன்றைக்கே அவளைத் தம்பி கையில் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்குப் பிறகு அவள் அந்தத் துண்டைத் தொடவே இல்லை.

ஒரே ஒரு தரம்தான் என்று எழுதினேனே, அதுவும் பொய். தினமும் மத்தியானம் கதவைச் சாத்தினேன். போன வாரம் அவளே நிறுத்திவிட்டாள்.

பெரியம்மா என்று சொல்லிக் கொடுத்தேன். 'பெரிய' அவள் வாயில் வரவில்லை, அம்மா மட்டும்தான் வருகிறது. நான் திருத்தவில்லை.

தம்பியை இனி அனுப்பாதே. அவர் வந்தால் திரும்பவும் கிழங்கைக் கட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நீ வா. ஆண்டவர் உயிர்த்த பாஸ்கு ஞாயிறும் வருஷப் பிறப்பும் ஒன்றாக வருகிறது. மறுநாள் திங்கட்கிழமையும் தோட்டம் மூடியிருக்கும், அன்றைக்குக் காலைக் கோச்சியில் வா. உன் உடம்போடு ஏறி இறங்கக் கஷ்டம்தான், ஆனாலும் நீதான் வர வேண்டும்.

அவளுக்கு உன்னைத் தெரியாது. உன்னைக் கண்டு அழுவாள். என் சேலையைப் பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்பாள். அம்மா பயந்தது அதற்குத்தான். நீ திரும்பிப் போய்விடாதே. நான் கதவைத் திறக்காவிட்டாலும் வாசலில் நின்றுகொண்டிரு.

அக்கா


றொசல்ல
3.5.1974

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டிப்பொலைக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு, சிந்தா பிள்ளைக் காம்பராவில் இருந்த நேரம் பார்த்துப் போய்விட்டாய். சொல்லிக்கொண்டு போனால் நடக்காது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் மலையிலிருந்து வந்து காலியான கொடியைப் பார்த்தபோது உன்னைத் திட்டினேன்.

நான் வந்த அன்றைக்கு நீ கதவைத் திறந்துதான் வைத்திருந்தாய். அதை நான் மறக்க மாட்டேன். அவள் என்னைக் கண்டு கத்திய கத்தலில் சோமா நோனா மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டாள். இரண்டு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்விடலாம் என்று ஒரு தரம் நினைத்தேன். பொய் சொல்லவில்லை, எழுந்துவிட்டேன். அப்போதுதான் நீ உள்ளேயிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து, "நானும் வாரேன் வா. அழுவுறவ என் மடியில இருந்துக்கிட்டே ஒன் வீட்டுக்கு வரட்டும்" என்றாய்.

பதினைந்து நாள் இந்த ஒற்றைக் காம்பராவில் எங்களோடு ரொட்டி தின்றாய். பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் நீ கொஞ்சம் தள்ளிப் படுத்தாய். பத்தாம் நாள் அவள் என் பக்கம் புரண்டு வந்து என் கையை முகர்ந்தாள். கொழுந்துச் சாறு காய்ந்து கறுத்துப்போன கை. நீ கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிறவள் மாதிரி கிடந்தாய். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

பாலை மறந்துவிட்டாள். நீ போன அன்றைக்கு வைத்துப் பார்த்தேன். விரலால் குத்திப் பார்த்துவிட்டுச் சிரித்தாள், அவ்வளவுதான். ஊர் என்ன செய்யச் சொன்னதோ அது நடந்துவிட்டது. நல்லமுத்து இன்னும் வருகிறான், ஆனால் அவனுக்கும் இப்போது போதவில்லை. ஏழாம் மாதம் வந்தால் வற்றும் என்று இராசம்மா சொல்கிறாள். சிந்தாவுக்கு நீ கொண்டுவந்த கிழங்கைத்தான் மசித்துக் கொடுக்கிறேன்.

உன்னைத் தேடுகிறாள் அக்கா. கோச்சிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடி, "ம்மா" என்கிறாள். அது என்னை இல்லை. முதல் நாள் நான் உள்ளே போய் அடுப்பை ஊதினேன். இரண்டாம் நாள் அவளைத் தூக்கிக்கொண்டு நானும் அவளோடு நின்று பார்த்தேன். இவர் கோச்சியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

உன் கம்பளிச் சால்வையைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். மறந்து விட்டாயா, வேண்டுமென்று விட்டாயா என்று கேட்க மாட்டேன். என் தலைத்துண்டைப் பற்றி நீ அப்படிக் கேட்டாயா? சிந்தா உன் சால்வையைக் கண்டுபிடித்து இழுத்து, முகத்தின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறாள். விறகுப் புகையும் தைலமும் மணக்கிறது. ராக்காயி பார்த்துவிட்டு, "தொவச்சுப் போடுடி, இல்லன்னா பெரியம்மாவ மறக்காது" என்றாள். மறக்க வேண்டாம் என்றேன்.

ஆவணியில் எனக்கு நாள். அதற்கு முன்னாலேயே வா. மச்சானையும் கேட்டுக்கொண்டு, இத்தனை நாள் என்று எண்ணாமல் வா. புதுப் பிள்ளை என் மடியில் இருக்கும். சிந்தா அதைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் போய் நிற்பாள். எனக்கு எழுந்து போக முடியாது. அங்கே நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அவளை நீதான் தூக்க வேண்டும்.

நீ வரும்வரை சால்வையைத் துவைக்க மாட்டேன்.

உன் தங்கச்சி
பவுலின்